பூச்சு வேலைக்கு முன்னால்

தை பிறந்ததும் மேடவாக்கம் ஃபிளாட்டைக் காலி செய்துவிட்டு மன்னார்குடிக்குக் குடி போகிறோம். என் கணவரின் பூர்வீக வீடு. மாமாவும் அத்தையும் இத்தனை வருஷம் இரண்டு பேராகவே இருந்து பார்த்துக்கொண்ட வீடு. மாமாவுக்கு எழுபத்தொன்பது, அத்தைக்கு எழுபத்திரண்டு. இனி அவர்களோடு நாங்களும் இருப்போம் என்று முடிவானதும் முதலில் எடுத்த வேலை ஒயரிங். ரீப்பர் கட்டையில் கிளிப் அடித்து ஓட்டியிருந்த பழைய ஒயர்களை முழுக்கப் பிடுங்கிவிட்டு, சுவரில் காடி எடுத்து, பைப் பதித்து, புதிதாக இழுக்கிறோம். இந்த வேலையோடு சேர்த்து லைட், மோட்டார், தண்ணீர்த் தொட்டி, இன்வெர்ட்டர், நெட் எல்லாவற்றையும் ஒரே ஏற்பாட்டுக்குள் கொண்டுவரும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். சென்னையில் எனக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை, இனி அதையும் இந்த வீட்டின் கூடத்திலிருந்துதான் செய்யப் போகிறேன்.

இப்போதே இதை எழுதக் காரணம், சுவர் இன்னும் திறந்து கிடக்கிறது. ஸ்மார்ட் ஹோம் என்று தேடினால் எந்த பல்பு வாங்கலாம், எந்த ஸ்பீக்கர் நல்லது என்றே ஆரம்பிக்கிறார்கள். வாடகை வீட்டுக்கு அது சரி. சொந்த வீட்டில் பல்பு எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். கொத்தனார் பூசி முடித்த பிறகு ஒரு ஒயரைக் கூடுதலாக இழுப்பது மட்டும் முடியாது. ஆகவே பொருள்களைப் பற்றிய யோசனைக்கு முன்னால் சுவருக்குள் என்ன போக வேண்டும் என்பதைத்தான் தீர்மானிக்க வேண்டும்.

எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் திட்டத்தை விளக்கியபோது அவர் கேட்ட முதல் கேள்வி இது: "ஏம்மா, நெட் இல்லாட்டி லைட் எரியுமா, எரியாதா? அத மொதல்ல சொல்லுங்க."

"எரியும்ணே. சுவிட்ச தட்டினா எப்பவும் எரியும்."

"அப்ப சரி. மேல பேசுவோம்."

என் திட்டத்தின் அடிப்படையும் அதுதான். நெட் இல்லாத நேரத்திலும், கரண்ட் இல்லாத நேரத்திலும், நான் ஊரில் இல்லாத நேரத்திலும் இந்த வீடு குறையில்லாமல் நடக்க வேண்டும். மூன்றில் எது இல்லாவிட்டாலும் மாமா இருட்டில் நிற்கக் கூடாது, அத்தைக்குக் குழாயில் தண்ணீர் வராமல் போகக் கூடாது. ஒவ்வொரு பொருளையும் இந்தக் கேள்வியில் நிறுத்தித்தான் தேர்ந்தெடுத்தேன்.

நெட் இல்லாவிட்டால் என்பது வெறும் கேபிள் அறுந்துபோகும் விஷயம் இல்லை. நாம் தட்டும் சுவிட்ச் எங்கோ இருக்கும் ஒரு கம்பெனியின் சர்வருக்குப் போய்த்தான் திரும்பி வருகிறது என்றால், அந்தக் கம்பெனி மூடினால் நம் வீட்டுச் சுவிட்சும் மூடியது மாதிரிதான். அமெரிக்காவில் இது நடந்திருக்கிறது. 2016 மே மாதம், வீட்டு ஸ்மார்ட் பொருள்களை இணைக்கும் ரிவால்வ் என்ற ஹப்பின் சேவையை நிறுத்தினார்கள், வாங்கியவர்கள் வீட்டில் அந்தப் பெட்டி பயனற்றுப் போனது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் கம்பெனியின் சர்வர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றன. பல வருஷமாக அதை நம்பி வீடு முழுக்க சுவிட்ச் போட்டிருந்தவர்கள் திகைத்து நின்றார்கள். இங்கே ஒரு வீட்டு ஒயரிங் முப்பது, நாற்பது வருஷம் ஓடுகிறது. அத்தனை நாள் ஓடும் ஒன்றை, அடுத்த வருஷம் இருக்குமா என்று தெரியாத ஒரு செயலியோடு கட்டிப்போட எனக்கு மனம் வரவில்லை.

அதனால் மூளை வீட்டுக்குள்ளேயே இருக்கும். ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டர் ஒன்று, அதில் ஹோம் அசிஸ்டென்ட். 2013-இல் பொழுதுபோக்காக ஆரம்பித்த திறமூல மென்பொருள் இது. இன்று உலகம் முழுக்க ஏராளமானோர் சேர்ந்து வளர்க்கிறார்கள். எல்லா விதிகளும் அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளேயே இருக்கும், நெட் வெளியே போய்த் திரும்ப வேண்டியதில்லை. பை-யை மெமரி கார்டில் ஓட்டாதீர்கள். இடைவிடாமல் எழுதி எழுதி கார்டு கெட்டுப்போகும். சின்ன எஸ்எஸ்டி ஒன்றைச் சேர்த்துவிட்டால் நிம்மதி. புதிதாக வாங்கும் பொருள்களில் மேட்டர் முத்திரை இருக்கிறதா என்றும் பார்க்கிறேன். 2022 அக்டோபரில் வந்த பொதுத் தரம் அது. ஒரே பொருளை மேட்டரை ஏற்கும் எந்தக் கம்பெனி செயலியோடும் சேர்க்கலாம், வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே பேசும்.

இனி சுவர். எங்கள் வீடு தெருவிலிருந்து கொல்லை வரை நீளமாக ஓடும் வீடு. திண்ணை, ரேழி, கூடம், நடுவில் முற்றம், அதைத் தாண்டி இரண்டாம் கட்டு, சமையல்கட்டு, கிணற்றடி, கொல்லை. முன்கட்டு ஓடு, பின்கட்டு மட்டப்பா. சுவர் ஒன்றரை அடி தடிமன், செங்கல்லும் சுண்ணாம்பும். ரேழியில் ரௌட்டரை வைத்துவிட்டு லேப்டாப்போடு நடந்து பார்த்தேன். கூடத்தில் நன்றாக இருந்த சிக்னல் இரண்டாம் கட்டில் தேய்ந்து, சமையல்கட்டில் ஒரு கோடாகி, கிணற்றடியில் அறவே இல்லை. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை கூடத்துச் சுவரையே தாண்டவில்லை.

இதற்குக் கடைக்காரர்கள் சொல்லும் மருந்து மெஷ் ரௌட்டர், வீட்டில் பல இடத்தில் வைத்து சிக்னலைப் பரப்பும் பெட்டிகள். இப்படிப்பட்ட சுவருக்கு நடுவில் மெஷ் பெட்டிகளும் காற்று வழியாகத்தான் ஒன்றோடொன்று பேச வேண்டும். சுவர் அதையும் தடுக்கும். சுவர் திறந்திருக்கும்போதே லேன் ஒயர் இழுப்பதுதான் சரி. ரேழி அலமாரியிலிருந்து கூடம், இரண்டாம் கட்டு, சமையல்கட்டுத் தாழ்வாரம், மாடிப்படி என்று நான்கு இடத்துக்கு கேட்-6 ரக லேன் ஒயர் போகிறது. 100 மீட்டர் வரை அந்த ஒயர் கிகாபிட் வேகத்தைத் தாங்கும், எங்கள் வீட்டின் நீளம் அதில் பாதிகூட இல்லை. அந்த ஒயரிலேயே கரண்டும் அனுப்பலாம் என்பதால் வை-ஃபை பெட்டி இருக்கும் இடத்தில் பிளக் பாயிண்ட் தேவையில்லை. எல்லாவற்றுக்கும் ரேழி அலமாரியில் ஒரே இடத்திலிருந்து கரண்ட், அந்த ஒரே இடத்துக்கு பேட்டரி பேக்கப் கொடுத்தால் போதும்.

லேன் ஒயரையும் கரண்ட் ஒயரையும் ஒரே பைப்பில் விடக் கூடாது. அண்ணனிடம் சொல்வதற்கு முன்பே அவர் தனிக் காடி எடுத்துவிட்டார். பைப் ஒவ்வொன்றிலும் ஒரு நைலான் கயிறு கூடுதலாக விட்டு வைக்கச் சொன்னேன். பத்து வருஷம் கழித்து என்ன ஒயர் வருமோ, அந்தக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொள்ளலாம்.

அடுத்து நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் ஒயர். இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவு வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். நம் ஊர் ஒயரிங்கில் பிளக் இருக்கும் போர்டுக்கு நியூட்ரல் வரும், வெறும் சுவிட்ச் மட்டும் இருக்கும் போர்டுக்கு வராது. பேஸ் வந்து, சுவிட்ச் வழியாக லைட்டுக்குப் போய்விடும், நியூட்ரல் மேலே லைட்டுக்கு நேராகப் போகும். சாதாரண சுவிட்சுக்கு அது போதும். ரிலே என்பது செயலியிலிருந்தும் லைட்டைப் போட்டு அணைக்க சுவிட்சுக்குப் பின்னால் வைக்கும் சின்னக் கருவி. அது உயிரோடு இருக்கவே கரண்ட் வேண்டும், அதற்கு நியூட்ரல் வேண்டும். நியூட்ரல் இல்லாமல் ஓடும் வகைகளும் விற்கிறார்கள். லைட் வழியாகக் கொஞ்சம் கரண்டைத் திருட்டுத்தனமாக விட்டுத்தான் அவை வாழும், அதனால் சின்ன எல்இடி பல்பு அணைத்த பிறகும் மினுக்கும். எல்லா போர்டுக்கும் ஒரு கறுப்பு ஒயர், கேட்டாலும் கேட்காவிட்டாலும். மொத்தச் செலவில் அது ஒன்றும் இல்லை. பெட்டியும் ஆழமானதாக வேண்டும். வழக்கமாக வைக்கும் ஆழம் குறைந்த பெட்டியில் சுவிட்சும் ஒயர் முடிச்சும் போட்டதுமே இடம் நிரம்பிவிடும், ரிலேவை அமுக்கித் திணித்தால் சூடாகும்.

தொடு கண்ணாடி சுவிட்ச் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். பார்க்க அழகு. ஆனால் மாமாவுக்கு இடது கண் பார்வை மங்கல், அவர் விரலால் தடவித்தான் சுவிட்சைக் கண்டுபிடிக்கிறார். வழவழவென்று இருக்கும் கண்ணாடியில் எதைத் தடவுவது? சாதாரண மாடுலர் சுவிட்ச், பின்னால் ரிலே. தட்டினால் 'டக்' என்ற சத்தம் வர வேண்டும், மேலே கீழே என்று கைக்குத் தெரிய வேண்டும். ரிலே கெட்டுப்போனால் அண்ணன் இரண்டு ஒயரைச் சேர்த்துக் கட்டிவிடுவார், பழைய சுவிட்சாகவே வேலை செய்யும்.

சென்சார்களும் பொத்தான்களும் ஸிக்பீ என்ற கம்பியில்லா முறையில் பேசுபவை. வை-ஃபை போல அல்லாமல் மிகக் குறைந்த கரண்டில் ஓடும், ஒரு பட்டன் செல்லில் மாதக்கணக்கில் நிற்கும். கரண்டில் ஓடும் ஸிக்பீ பொருள் ஒவ்வொன்றும் அடுத்ததற்குச் செய்தியைக் கடத்திவிடும், பேட்டரியில் ஓடுபவை கடத்தாது. அதனால் கட்டுக்குக் குறைந்தது இரண்டு, கரண்டில் ஓடும் ரிலே இருக்க வேண்டும் என்று வரைபடத்தில் குறித்துக்கொண்டேன். இங்கே முற்றம் பெரிய உதவி. சுவரைத் துளைக்க முடியாத அலை, முற்றத்தின் திறந்த வெளியில் ஒரு தாழ்வாரத்திலிருந்து எதிர்த் தாழ்வாரத்துக்குத் தடையில்லாமல் போகிறது. முற்றத்தின் நான்கு தூண் லைட்டுக்கும் ஸிக்பீ ரிலே போட்டாலே முன்கட்டும் பின்கட்டும் இணைந்துவிடும். ஸிக்பீயும் வை-ஃபையும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸில் நெருக்கியடிக்கும் என்பதால் வை-ஃபையை 1-ஆம் சேனலில் நிறுத்தி, ஸிக்பீயை 25-இல் வைக்கிறேன். பை ஸிக்பீயில் பேச உதவும் சின்ன யூஎஸ்பி குச்சியான டாங்கிளை, பை-யின் யூஎஸ்பி 3 துளையில் நேராகச் செருகினால் அந்தத் துளையின் இரைச்சலே அதைச் செவிடாக்கும். ஒரு நீள ஒயர் போட்டு எட்ட வைக்க வேண்டும்.

கரண்ட் விஷயத்துக்கு வருகிறேன். டெல்டாவில் வீடு திட்டமிடுகிறவர் எவரும் 2018 நவம்பர் 16-ஐ மறந்துவிட்டுத் திட்டமிட முடியாது. கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்து எங்கள் பக்கத்துத் தென்னைகளையும் மின்கம்பங்களையும் சாய்த்துவிட்டுப் போனது. மாவட்டம் முழுக்கப் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, செல்போன் டவரும் இல்லை. மாமாவும் அத்தையும் அப்போது இந்த வீட்டில்தான் இருந்தார்கள். எங்களால் அவர்களோடு பேசவே முடியவில்லை. அந்த நாட்களில் கிணறும், வாளியும், அரிக்கேன் விளக்கும்தான் உதவின என்று அத்தை இன்றைக்கும் சொல்வார். கிணற்றில் உருளையும் கயிறும் அப்படியே இருக்கும். அதை எடுத்துவிடலாம் என்று கொத்தனார் சொன்னதற்கு நான் சம்மதிக்கவில்லை.

அன்றாட மின்தடைக்கு ஒரு இன்வெர்ட்டர், 12 வோல்ட் 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரி. பெருக்கிப் பார்த்தால் 1800 வாட்-அவர், கையில் நிற்பது அதில் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் எடுக்கும், பிஎல்டிசி ஃபேன் 30 வாட் அளவில் முடிந்துவிடும். ஐந்து ஃபேனையும் மாற்றினால் அதே பேட்டரியில் இரவு முழுக்க ஓடும் கணக்கு வருகிறது. நான் ஸ்மார்ட் பொருள்களுக்குச் செலவிடும் பணத்தைவிட இந்த ஐந்து ஃபேனுக்கான பணம்தான் அதிகப் பலன் தரும் என்று நம்புகிறேன். ஃபைபர் பெட்டி, ரௌட்டர், பை மூன்றும் சேர்ந்து 25 வாட் சுமார். கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும் அந்த இமைப்பொழுதில் ரௌட்டர் அணைந்து எழுந்தால் என் அலுவலக அழைப்பு அறுந்துவிடும். அதனால் ரேழி அலமாரிக்குள் 12 வோல்ட் மினி யூ.பி.எஸ் ஒன்று தனியாக.

அண்ணன் மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டது இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரல். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போடுகிறோம், யாருக்காவது ஷாக் அடித்தால் உடனே விழுந்து கரண்டை நிறுத்தும். இன்வெர்ட்டர் நியூட்ரலும் மெயின் நியூட்ரலும் எங்காவது ஒரு போர்டில் கலந்துவிட்டால் அது காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும். விழுகிறதே என்று ஆர்சிசிபியையே எடுத்துவிட்ட வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. அது உயிரோடு விளையாடுவது. நியூட்ரலைப் பிரித்துப் போடுங்கள், ஆர்சிசிபியை எடுக்காதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை இடிக்கு மெயின் போர்டில் எஸ்பிடி ஒன்று, திடீரென ஏறும் வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி. எஸ்பிடி வேலை செய்ய நல்ல எர்த் வேண்டும். எங்கள் களிமண் ஈரமாக இருக்கும்வரை எர்த்துக்கு அருமையான மண். சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும்போது எர்த் குழாயைச் சுற்றி மண் விலகிவிடும். கிணற்றடிக் கழிவுநீர் போகும் வாய்க்காலுக்குப் பக்கத்தில் எர்த் குழி தோண்டியிருக்கிறோம். வருஷம் முழுக்க ஈரம் இருக்கும். மேலே வாய் திறந்த புனல் வைத்து, வைகாசி வரை வாரம் ஒரு குடம் ஊற்றுவது அத்தையின் பொறுப்பு, அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

மோட்டார்தான் இந்தத் திட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. கொல்லைக் கிணற்றில் ஒரு குதிரைத்திறன் ஓப்பன்வெல் மோட்டார், மட்டப்பா மேல் தொட்டி. இதுவரை நடந்தது என்ன? அத்தை மோட்டாரைப் போடுவார், தொட்டி நிரம்பி மட்டப்பாவிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டதும் மாமா கொல்லைக்கு ஓடுவார், ஈரத் தரையில். அந்த ஓட்டத்தை நிறுத்த வேண்டும் என்பது இந்த ஏற்பாடு முழுவதற்குமே முதல் காரணம் என்று சொல்லலாம்.

தொட்டி மட்டம் பார்க்க அல்ட்ராசோனிக் சென்சார் வைக்கலாம் என்று பலர் எழுதுகிறார்கள். மூடிய தொட்டிக்குள் நீராவி படிந்து அதன் முகத்தில் துளி நின்றால் கணக்குத் தப்பும். முகத்துக்கு மிக அருகே தண்ணீர் வந்துவிட்டாலும் அதால் அளக்க முடியாது, ஆனால் தொட்டி நிரம்பும் அந்த நேரத்தில்தான் நமக்கு அளவு தேவை. சாதாரண மிதவை சுவிட்ச் இரண்டு போடுகிறேன். மேலே ஒன்று, கால் தொட்டி மட்டத்தில் ஒன்று. மேல் மிதவை ஹோம் அசிஸ்டென்ட்டுக்குப் போகாமல் நேராக மோட்டாரின் கான்டாக்டர் (மோட்டாரின் கரண்டைத் தாங்கும் பெரிய மின் சுவிட்ச்) காயிலுக்கே போகும். மென்பொருள் தூங்கிவிட்டாலும் தொட்டி நிரம்பினால் மோட்டார் நிற்கும்.

கான்டாக்டர் என்று சொன்னது முக்கியம். சுவிட்சுக்குப் பின்னால் வைக்கும் சின்ன ரிலேவில் 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கும், அதை நம்பி மோட்டாரை அதில் கொடுக்கக் கூடாது. மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும் கரண்டைப் போலப் பல மடங்கு இழுக்கும், ரிலேவின் முனைகள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் அணைக்கவே முடியாது. ரிலே கான்டாக்டரைத் தட்ட வேண்டும், கான்டாக்டர் மோட்டாரைத் தட்ட வேண்டும்.

மோட்டார் லைனில் ஒரு மீட்டர் வைத்து வோல்டேஜையும் ஆம்பியரையும் பார்க்கப் போகிறேன். சாயங்காலம் எங்கள் தெருவில் வோல்டேஜ் இறங்கும். இறங்கியிருக்கும்போது மோட்டார் கிளம்ப முடியாமல் முனகி காயில் கருகும். வோல்டேஜ் 190-க்குக் கீழே என்றால் கிளம்பவே கூடாது என்று ஒரு விதி. சித்திரை, வைகாசியில் கிணற்று மட்டம் இறங்கி, மோட்டார் தண்ணீர் இல்லாமல் சும்மா சுற்றினால் ஆம்பியர் வழக்கத்தைவிடக் குறையும், அப்போது நிறுத்த வேண்டும். ஜூன் 12-க்கு மேட்டூர் திறந்து பாமணி ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் கிணறும் ஏறும். எந்த வாரத்தில் ஏறுகிறது, எவ்வளவு நேரத்தில் தொட்டி நிரம்புகிறது என்று வருஷாவருஷம் பதிவாகப் போவதை நினைத்தாலே எனக்கு உற்சாகமாக இருக்கிறது. மாமாவுக்கும்தான். "ஆத்துல தண்ணி வந்து எத்தன நாள்ல கெணறு ஊறுதுன்னு நா வாயால சொல்லிக்கிட்டிருந்தேன், இனிமே எழுதியே காட்டுவியா?" என்றார்.

மாமா ராத்திரியில் எழுந்து கழிப்பறைக்குப் போகும் வழியை அத்தைதான் எனக்கு நடந்து காட்டினார். "சொவத்தத் தடவிக்கிட்டே போறாரும்மா. லைட்டப் போட்டா எனக்குத் தூக்கம் கெட்டுப்போவும்னு போட மாட்டாரு." கூடத்திலிருந்து தாழ்வாரத்துக்கு ஒரு படி, தாழ்வாரத்திலிருந்து முற்றத்தை ஒட்டிப் போகும் பாதை, பின்கட்டு வாசற்படி. மழை நாளில் முற்றத்துச் சாரல் தாழ்வாரத்தில் தெறித்து வழுக்கும். இந்த வழி நெடுக முழங்கால் உயரத்துக்கும் கீழே சின்ன லைட்டுகள். மேலே இருக்கும் பெரிய லைட் எரியாது, தரை மட்டும் தெரியும், கட்டிலில் இருப்பவர் கண்ணில் படாது. அசைவைப் பார்க்க பிஐஆர் சென்சார். ரேடார் வகை சென்சார் இன்னும் நுட்பமானது, உட்கார்ந்திருக்கும் ஆளைக்கூடக் கண்டுபிடிக்கும். ஆனால் சுற்றும் ஃபேனையும் ஆடும் வேட்டிக் கொடியையும் ஆள் என்றே எடுத்துக்கொள்ளும், எங்கள் வீட்டில் ஃபேன் நிற்கும் நேரமே கிடையாது. அதிகாலை மூன்று மணிக்கு மேல் கழிப்பறைக்குப் போனவர் அரைமணி நேரமாகத் திரும்பவில்லை என்றால் எங்கள் அறையில் மணி ஒலிக்கும். மாமாவிடம் இதைக் கேட்டுவிட்டுத்தான் சேர்த்தேன். ஒருவரின் வீட்டில் அவரைக் கேட்காமல் அவரைக் கண்காணிப்பது சரியில்லை.

அதே காரணத்தால் வீட்டுக்குள் கேமரா கிடையாது. கொல்லைக் கேட்டில் ஒன்று, தெரு வாசலில் ஒன்று, அவ்வளவுதான். எலக்ட்ரானிக் பூட்டும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பங்குனித் திருவிழாவில் வெண்ணெய்த்தாழி அன்று எங்கள் வாசல் விடியற்காலை முதல் திறந்தே கிடக்கும், மோருக்கும் பானகத்துக்கும் யார் வேண்டுமானாலும் திண்ணை ஏறுவார்கள். அந்த வாசலுக்கு விரல் ரேகை எதற்கு?

சமையல்கட்டில் கேஸ் கசிவுக்கு ஒரு அலாரம். எல்பிஜி காற்றைவிடக் கனம், கீழே தேங்கும். அதனால் தரையிலிருந்து ஓர் அடிக்குள் பொருத்த வேண்டும், மேலே வைத்தால் பயனில்லை. கசிந்தால் எக்ஸாஸ்ட் ஃபேன் தானாக ஓடட்டும் என்று மட்டும் விதி எழுதாதீர்கள், சுவிட்சின் பொறி ஒன்றே போதும். சத்தம் போட்டால் போதுமானது.

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் ஈ.பி. கணக்குக்கும் மெயினில் ஒரு மீட்டர். நம் மாநிலத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் அடுக்குகளின் விலையே வேறாகிவிடும். நான் பகல் முழுக்க வீட்டில் வேலை செய்யப் போகிறேன், ஏசி ஓடும். 450-ஐத் தொட்டதும் எனக்கு ஒரு செய்தி வந்தால் போதும். சோலார் அடுத்த வருஷம். பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் கிரிட்டோடு இணைத்த சாதாரண சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். லைனில் ஏறி வேலை செய்பவரின் உயிருக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். புயலுக்குப் பிறகும் வெளிச்சம் வேண்டும் என்றால் பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர்தான் வழி. மட்டப்பாவுக்கு ஒரு பைப் இப்போதே ஏறிவிட்டது.

நான் இல்லாவிட்டால்? இதைப் பற்றித்தான் யாரும் எழுதுவதில்லை. பெயர்களிலிருந்து ஆரம்பித்தேன். செயலியில் 'ஸோன் 2 லைட் 4' என்று இருந்தால் அது எனக்கு மட்டும் சொந்தமான வீடு. ரேழி லைட், முற்றத்துத் தெற்குத் தூண், கிணற்றடி லைட், கொல்லை மோட்டார் என்று அத்தை எப்படிக் கூப்பிடுகிறாரோ அப்படியே தமிழில் பெயர். மோட்டார் பெட்டியில் பச்சை, சிவப்பு பொத்தான் இருக்கும், 'தானாக' 'கையால்' என்று ஒரு திருகு சுவிட்சும் இருக்கும். கையால் என்று திருப்பினால் மென்பொருளுக்கு அதில் வேலையே இல்லை. எந்த எம்சிபி எந்த அறைக்கு, எந்த பைப்பில் எந்த ஒயர் போகிறது என்ற வரைபடத்தைப் பூசுவதற்கு முன் எடுத்த புகைப்படங்களோடு சேர்த்து ஒரு ஃபைல். புகைப்படம் எடுக்கும்போது சுவரில் அளவு டேப்பை ஒட்டி வைத்து எடுங்கள், பிறகு ஆணி அடிக்கிறவர் உங்களை வாழ்த்துவார். கடவுச்சொற்கள் ஒரு கவரில் அத்தையின் பீரோவில். ஒயர் வரைபடத்தின் நகல் அண்ணனிடம்.

மேடவாக்கத்தில் இருப்பதைக் கொண்டுபோவதற்கும் ஒரு முறை இருக்கிறது. அந்த ஃபிளாட்டின் பழைய சுவிட்சுகளை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறோம், அவற்றைத் திரும்ப மாட்டிக் கொடுத்துவிட்டுத்தான் சாவியை ஒப்படைப்போம். புது ரௌட்டருக்குப் பழைய வை-ஃபை பெயரையும் கடவுச்சொல்லையுமே வைத்துவிட்டால் வை-ஃபை பொருள்கள் இடம் மாறியதே தெரியாமல் சேர்ந்துகொள்ளும், ஒவ்வொன்றாக உட்கார்ந்து இணைக்க வேண்டாம். ஸிக்பீ பொருள்களுக்கு டாங்கிள்தான் தாய். அதை மாற்றாமல், சேனலையும் மாற்றாமல் கொண்டுபோனால் போதும். அதற்காகவே இங்கே மேடவாக்கத்திலேயே முன்கூட்டி 25-ஆம் சேனலுக்கு மாற்றிவிட்டேன். பை-யின் முழு பேக்கப் ஒன்று கணவரின் லேப்டாப்பில், ஒன்று பென்டிரைவில். லாரியில் ஏற்றாமல் இந்த இரண்டும் டாங்கிளும் என் கைப்பையில் வரும்.

பால் காய்ச்சும் நாளுக்கு முந்தைய நாளே ரேழி அலமாரி எழுந்துவிட வேண்டும். அதன் பிறகு முற்றத்துத் தூண் ரிலேக்கள், அவை ஒன்றையொன்று கண்டுபிடித்து வழி அமைத்துக்கொண்ட பிறகு மாமாவின் ராத்திரி வழி, அடுத்து மோட்டார். மற்றதெல்லாம் சாமான் பிரித்து, வீட்டில் இருந்து பழகி, எங்கே எது தேவை என்று அவர்கள் சொல்லச் சொல்ல மாசி, பங்குனியில் ஒவ்வொன்றாகச் சேர்ப்பேன்.